ஒரு செங்கல்கூட வைக்காதவன்

அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைக்க வேண்டாம். பெயரைப் போட்டால் எங்கிருந்தாவது தேடிப் பிடித்து வாசித்துவிட்டு, இதில் எந்தெந்த வரி நடந்தபடி இல்லை என்று எனக்கே எழுதி அனுப்புவான். அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட எனக்கு விருப்பமில்லை.

அவனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அதனால் என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பிள்ளை நான். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சிமெண்டுதான் வாத்தியார். கலவை சுமந்தேன், கல் அடுக்கினேன், மேஸ்திரி ஆனேன், பிறகு சொந்தமாக வீடு கட்டி விற்க ஆரம்பித்தேன். ஜாசினிலிருந்து பாயா ரும்புட் வரைக்கும் வண்டியில் போனால், இடது பக்கம் வலது பக்கம் என்று நான் எழுப்பிய தொடர்வீடுகளைக் காட்டிக்கொண்டே போகலாம். என்னைப் போல் தோட்டத்திலிருந்து வெறுங்காலோடு வந்தவர்களில் இத்தனை கூரைகளைப் போட்டவன் வேறு யார் என்று கேட்டால், ஊரில் பதில் வராது.

தொடர்வீடு என்றால் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர். இதில் பல கட்டடக் குத்தகையாளர்கள் ஒரு வேலை செய்வார்கள். நடுச்சுவரை சீலிங் வரைக்கும்தான் எழுப்புவார்கள். அதற்கு மேல் யார் பார்க்கப் போகிறார்கள்? கீழே நின்று பார்த்தால் சுவர் முழுசாகத் தெரியும். ஆனால் திருடன் ஒரு வீட்டுச் சீலிங் பலகையைத் தள்ளி ஏறினால் போதும், வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்குள்ளும் பூனை மாதிரி போய் இறங்கலாம். நான் அப்படிக் கட்டுகிறவன் இல்லை. என் நடுச்சுவர் கூரைத் தகட்டைப் போய் முட்டும். இதைத்தான் ஐம்பது வருஷமாக ஒவ்வொரு வாங்குபவரிடமும் சொல்லி வருகிறேன். என் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்கினார்கள். படித்தவனுக்குப் பட்டம் இருக்கிறது, எனக்கு இருந்த ஒரே முதல் என் வாக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் வீட்டைக் கட்டி விற்பதில்லை, விற்றுக் கட்டுவதுதான் வழக்கம். வெறும் புல் முளைத்த நிலத்தில் நின்றுகொண்டு, இங்கே வரவேற்பறை, இங்கே சமையலறை என்று கையால் காற்றில் காட்டுவோம். வாங்குபவர் தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார். சுவர் அப்புறம் எழும்பும். நாளைக்கு வரப் போகும் சுவரை இன்றைக்கே வாயால் எழுப்பிக் காட்டத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நிற்பான்.

இப்போது அவனிடம் வருகிறேன்.

பாயா ரும்புட்டில் எனக்கு ஒரு கடைவரிசை உண்டு. கீழே ஒரு முஸ்லிம் பாயின் பிரியாணிக் கடை. மேலே என் தங்கச்சி மகன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தான். அங்கே வேலைக்கு வந்தவன் இவன். வயது நாற்பது இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஆனால் எழுதுவது கீபோர்டில். இவனும் தோட்டத்துப் பிள்ளைதான். அரசாங்கம் படிக்க வைத்து, யுனிவர்சிட்டி வரைக்கும் போய் வந்தவன். என்ன வேலை பார்க்கிறாய் என்று முதல் நாள் கேட்டேன். கெர்னலுக்கு ஆவணம் எழுதுகிறேன் என்றான்.

கெர்னல் என்றால் என்ன என்று என் தங்கச்சி மகன்தான் எனக்கு விளக்கினான். கம்ப்யூட்டருக்குள் பல புரோகிராம் ஓடும். ஒவ்வொன்றும் வீடு முழுக்கத் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் எல்லாம் வாடகைக்காரர்கள். யாருக்கு எந்த அறை, யார் யார் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கும் வீட்டுக்காரன்தான் கெர்னல். எல்லாச் சாவியும் அவனிடம். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. நாலாம் வகுப்புதான், ஆனால் வாடகைக்காரர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் அந்த வீட்டுக்காரனைக் கட்டுகிறவன் நீயா என்று இவனிடம் கேட்டேன்.

"இல்ல அங்கிள். அதைக் கட்டறவங்க வேற. அது எப்படி இருக்குன்னு எழுதறவன் நான்."

நான் சிரித்துவிட்டேன். இப்படி ஒரு பிழைப்பா? நான் வீடு கட்டுகிறேன், ஒருத்தன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'இதோ வீடு இருக்கிறது, இதோ சன்னல் இருக்கிறது' என்று எழுதிச் சம்பளம் வாங்குகிறான் என்று வையுங்கள். நாளைக்கு நான் சன்னலை அடைத்தால் அவன் ஓடிவந்து, 'சன்னல் இல்லை' என்று மாற்றி எழுதுவான். இதற்கு யுனிவர்சிட்டி வேறு.

இவனுக்கு ஒரு வாசகம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் கேட்பான்: "அது எப்ப பாத்தது?" ஜாசின் சாலையில் வெள்ளம் என்று யாராவது சொன்னால், அது எப்ப பாத்தது. இன்னார் மகள் நல்ல பெண் என்றால், அது எப்ப பாத்தது. கிண்டலாகக் கேட்டாலாவது பரவாயில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு கேட்பான். அலுவலகத்துப் பிள்ளைகள் இவன் வருவதைப் பார்த்தாலே, "வராரு லா, எப்ப பாத்தது" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள்.

ஒருமுறை எங்கள் தோட்டத்துக் கோவிலின் பழைய தலைவர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம். எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர் என்று மேடையில் ஒருவர் உருகிக்கொண்டிருந்தார். இவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெதுவாக, யாருக்கும் கேட்காதபடிதான் சொன்னான்: "எல்லார்கிட்டயும் இல்ல." செத்த மனிதருக்குக் கூட ஒரு வரி தள்ளுபடி தர மாட்டான். என் மனைவி ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டாள். மீன் குழம்பில் புளி சரியாக இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டாள். எனக்குச் சரியாக இருக்கிறது என்றான். அந்த 'எனக்கு' என்ற சொல்லை அவள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாடகைக்கு வீடு கேட்டான். தங்கச்சி மகன் சொன்னதற்காக, பாயா ரும்புட்டிலேயே என் தொடர்வீடு ஒன்றைக் கொடுத்தேன். சாவியைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன். தம்பி, பயமில்லாமல் தூங்கு, நடுச்சுவர் கூரை வரைக்கும் போகிறது என்று. அவன் என் முகத்தைப் பார்த்து, "அது எப்ப பாத்தது, அங்கிள்?" என்றான்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் கட்டிய வீடு. நான் நின்று கல் வைத்த சுவர். ஆனால் அவன் அதற்குள் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கி வந்துவிட்டான். சீலிங் பலகையைத் தள்ளி, கையில் டார்ச்சோடு தலையை நுழைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கினான். தலைமுடியெல்லாம் ஒட்டடை. நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மாலையில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'இந்த வீட்டின் இரண்டு நடுச்சுவர்களும் கூரை வரை உள்ளன. இன்று பார்த்தேன். மற்ற வீடுகளைப் பார்க்கவில்லை.'

மற்ற வீடுகளைப் பார்க்கவில்லை! அவனை யார் கேட்டார்கள்? அந்தக் கடைசி வரியை அன்றைக்கு நான் இன்னும் கவனமாக வாசித்திருந்தால், பின்னால் வந்ததற்குத் தயாராக இருந்திருப்பேன்.

என் தங்கச்சி மகனின் கம்பெனி ஒரு பெட்டி செய்தது. கிளினிக்குகளுக்கான கம்ப்யூட்டர் பெட்டி. நோயாளியின் விவரம், எக்ஸ்ரே படம், முன் கவுண்டர் வேலை, வெளியிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் போடும் புரோகிராம் என்று எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் ஓடும். ஒன்றை ஒன்று எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் நடுவில் கெர்னல் வைத்த சுவர். பெட்டியோடு வரும் கையேட்டில் முன்பே ஒரு வரி இருந்தது: ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தைப் பார்க்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தார். மலாக்காவில் மூன்று நான்கு இடங்களில் கிளினிக் வைத்திருப்பவர். அவருடைய முதல் கிளினிக்கைக் கட்டிக் கொடுத்தவன் நான். அவர் இந்தப் பெட்டியை எல்லாக் கிளினிக்கிலும் வைப்பதாக இருந்தது. கோவிலில் என்னைப் பார்த்து, அண்ணே, உங்கள் மருமகன் பெட்டியை நம்பலாமா என்று கேட்டார். பெட்டிக்குள் இருக்கும் சுவர் என் சுவர் மாதிரி, கூரை வரைக்கும் போகும் என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. என் வாக்கு அவருக்குப் போதுமாக இருந்தது.

அப்போதுதான் என் தங்கச்சி மகன் ஓடி வந்தான். "மாமா, சாமான் விக்கற கையேட்டுல சாமானோட நோயை எழுதறவன எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றான்.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரின் மூளையாக ஒரு சில்லு இருக்கிறது. அது அவசரக்காரன். ஒரு கதவைத் திறக்கலாமா என்று அனுமதி வருவதற்கு முன்பே ஓடிப்போய் உள்ளே இருப்பதை எடுத்து வேலை செய்து வைத்துக்கொள்ளும். பிறகு அனுமதி இல்லை என்று தெரிந்தால் செய்ததை அழித்துவிடும். ஆனால் தடம் அழியாது. பக்கத்துப் புரோகிராம் கெட்ட புத்தியோடு எழுதப்பட்டிருந்தால், எது சீக்கிரம் வருகிறது எது தாமதமாக வருகிறது என்று தட்டித் தட்டிப் பார்த்தே, இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கணக்குப் போட்டுவிடுமாம். உலகம் முழுக்க இந்தக் கோளாறு தெரிந்து, கெர்னல் கட்டுகிறவர்கள் அதற்கு ஒரு தடுப்பும் வைத்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பெட்டியில் இருந்தது மலிவான சில்லு. தடுப்பைப் போட்டால் எக்ஸ்ரே படம் நத்தை மாதிரி வந்தது. அதனால் கம்பெனிப் பிள்ளைகள் தடுப்பை அணைத்து வைத்துவிட்டார்கள். வேகத்தைச் சரிசெய்ய இன்னும் சில மாதம் வேலை இருந்தது. டாக்டரோடு ஒப்பந்தக் கையெழுத்து அடுத்த வாரம்.

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சைன் ஆகட்டும், அப்புறம் தடுப்பைப் போட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. இவனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. கையேட்டில் பழைய வரியை எடுத்துவிட்டு எழுதி வைத்தான்: 'இந்தப் பெட்டியில் அந்தத் தடுப்பு அணைக்கப்பட்டுள்ளது. அணைந்திருக்கும் வரை ஒரு புரோகிராமின் இரகசியத்தை இன்னொன்று அறிய வழி உண்டு.' தங்கச்சி மகன் அதை அழித்துப் பழைய வரியைப் போட்டான். இவன் மறுநாள் மீண்டும் மாற்றினான். அவன் அழிக்க, இவன் போட. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சுவரில் ஒருத்தன் சுண்ணாம்பு அடிக்க அடிக்க, பின்னாலேயே ஒருத்தன் சுரண்டிக்கொண்டு வருகிற மாதிரி.

பெரியவங்க சொன்னா கேப்பான் மாமா என்று என்னை அனுப்பினார்கள். போனேன். என் வீட்டுக்கு நானே வாடகைக்காரனைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. சாயங்கால நேரம். அவன் மனைவி சுங்கை ரம்பாய் ஊர்ப் பெண், அப்போது மாசமாக இருந்தாள். தேநீர் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சுற்றி வளைக்கவில்லை. தம்பி, உன் பெட்டிக்குள்ளே சீலிங்குக்கு மேலே சுவர் இல்லை, அவ்வளவுதானே என்றேன்.

"கிட்டத்தட்ட, அங்கிள். ஆனா அந்த உவமை சரியா வராது. இதுல யாரும் ஏறி உள்ள வரல. அவங்கவங்க வீட்டுல இருந்துக்கிட்டே தெரிஞ்சுக்கறாங்க."

வேலை போகிற நிலையில் இருக்கிறவன், நான் சொன்ன உவமையில் திருத்தம் போடுகிறான். நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். சரி, சுவர் இல்லை என்று தெரிந்தால் சுவரை எழுப்பு. எழுப்ப உனக்குத் தெரியாது. எழுப்புகிறவர்கள் எழுப்பப் போகிறார்கள். அதுவரைக்கும் உன் வாயை மூடிக்கொண்டிருக்க என்ன கஷ்டம்? இந்த ஊரில் யார் கட்டி முடித்து விற்கிறார்கள்? நான் விற்றபோது எந்தச் சுவர் இருந்தது? புல்லும் பாம்பும்தான் இருந்தன. வாக்குக் கொடுத்தேன், பிறகு எழுப்பினேன், ஒருத்தரும் ஏமாறவில்லை. எழுத்து என்பது வாக்கு, தம்பி.

அவன் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தான். "வாக்குக் குடுக்கறதா இருந்தா வாக்குன்னு சொல்லிக் குடுங்க, அங்கிள். நீங்க புல்லக் காட்டித்தான வித்தீங்க? வாங்கறவருக்கு அது புல்லுன்னு தெரியும். இங்க டாக்டருக்குத் தெரியாது."

நாக்கு நீளம்தான். பிள்ளை வரப் போகிறது, வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைப் பற்றி மனைவியிடம் பேசியிருக்கிறேன் என்றான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது. கடைசியாக, நீ டாக்டரிடம் போய் ஏதாவது உளறப் போகிறாயா என்றேன்.

"நானாப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அங்கிள்."

அது போதும் என்று எழுந்தேன். மிச்சத் தேநீரைக் கூடக் குடித்தேன். தங்கச்சி மகனைக் கூப்பிட்டு, முடிந்தது, பையன் அடங்கிவிட்டான் என்றேன். ஐம்பது வருஷம் ஆட்களை எடை போட்டவன் நான், அந்த ஒரு இடத்தில் சறுக்கியது என் தப்பு இல்லை. மனிதனாகப் பிறந்த எவனும் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான் எடுப்பான். மற்ற வீடுகளைப் பார்க்கவில்லை என்று எழுதினவன், தான் சொன்ன வரிக்கு வெளியே ஒரு அங்குலம் கூடப் பொறுப்பேற்க மாட்டான் என்று யார் கண்டது?

கையெழுத்து நாள் வந்தது. கீழே பாய் கடையிலிருந்து பிரியாணியைப் பெரிய தேக்சாப் பாத்திரத்திலேயே மேலே ஏற்றியிருந்தோம். டாக்டர் மனைவியோடு வந்தார். நான் மாலை போட்டு வரவேற்றேன். பெட்டியைப் போட்டுக் காட்டினார்கள். எக்ஸ்ரே படம் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டு, சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார், என் நோயாளிகள் விவரத்தைப் பக்கத்துப் புரோகிராம் எதுவும் பார்க்க முடியாது இல்லையா என்று. முடியாது டாக்டர் என்றான் தங்கச்சி மகன். நானும் தலையாட்டினேன்.

பேனா தாளுக்குப் போயிற்று. அதற்குள் டாக்டரின் கண் மூலையில் நின்றிருந்த இவன் மேல் பட்டது. படித்த மனிதர்களுக்கு இன்னொரு படித்தவனைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. நீங்கள்தானே கையேடு எழுதுகிறவர், எல்லாம் சரியாக எழுதியிருக்கிறதா என்று சிரித்தபடி கேட்டார். வெறும் மரியாதைப் பேச்சு. ஆமாம் டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷம் பிரியாணி பரிமாறியிருப்போம்.

அவன் தங்கச்சி மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். பிறகு சொன்னான்.

"இல்ல டாக்டர். இந்தப் பெட்டியில தடுப்பு அணைஞ்சிருக்கு. கையேட்டுல அது இல்ல."

"அப்ப பாக்க முடியுமா?"

"முடியும். சுலபம் இல்ல. ஆனா முடியும்."

அந்த நேரத்திலும் பாருங்கள், 'சுலபம் இல்ல' என்று ஒன்றைச் சேர்க்கிறான். கழுத்தை அறுக்கும்போதும் கத்தியின் நீளத்தைச் சரியாகச் சொல்கிறவன்.

டாக்டர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. தங்கச்சி மகன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான், சில மாதத்தில் போட்டுவிடுவோம், எழுதித் தருகிறோம் என்று. டாக்டர் அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க சுவர நான் ஒருநாளும் ஏறிப் பாத்ததில்ல," என்றார். "நீங்க சொன்னீங்க, நான் வாங்கினேன்."

அவ்வளவுதான். சாப்பிடாமல் போய்விட்டார்கள். தேக்சா மூடியைத் திறக்கவே இல்லை. பாய் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டதும் இறங்கிப் போனார்.

அவனை அன்றைக்கே வேலையிலிருந்து எடுத்தாயிற்று. நானும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அவன் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. மனைவியை அழைத்துக்கொண்டு சுங்கை ரம்பாய்க்குப் போனான். போகும்போது சாவியோடு ஒரு தாள் கொடுத்தான். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, நாங்கள் வந்தபோதே சொட்டியது என்று எழுதியிருந்தது. குழாயை மாற்றியிருக்கலாமே. அதெல்லாம் அவன் செய்ய மாட்டான். சொட்டுகிறது என்று எழுதுவான்.

இதில் வயிறு எரிவது எங்கே என்றால், சில மாதத்திலேயே பிள்ளைகள் வேகத்தைச் சரிசெய்து, தடுப்பைப் போட்டுவிட்டார்கள். சுவர் எழும்பிவிட்டது. நான் சொன்னபடியே. அவன் கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் டாக்டரும் எங்களோடு இருந்திருப்பார், சுவரும் இருந்திருக்கும், ஒரு நோயாளிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பிறகு வேறு இரண்டு கிளினிக்குக்காரர்கள் பெட்டி வாங்கினார்கள். கம்பெனி ஏதோ ஓடுகிறது. ஆனால் டாக்டர் திரும்பி வரவில்லை.

டாக்டர் என்னோடு பேசாமல் இல்லை. கோவிலில் இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். போன வருஷம் புதுக் கிளினிக் கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார். கட்டி முடித்துச் சாவி கொடுக்கப் போனால், கூடவே ஒரு சீனப் பையனை அழைத்து வந்திருந்தார். பரிசோதிக்கிறவனாம். அவன் என் கண் முன்னால் என் கட்டடத்தின் சீலிங்கைத் திறந்து ஏறிப் பார்த்தான். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் கூரை வரைக்கும் இருந்தது. இருக்கும். ஆனால் பார்த்த பிறகுதான் சாவியை வாங்கினார். அந்த ஒரு நாளைக்கு நான் அவனை எத்தனை திட்டினேன் என்று என் மனைவியைக் கேளுங்கள்.

அவன் இப்போது என்ன செய்கிறான் என்று தங்கச்சி மகன் சொல்லித்தான் தெரியும். சுங்கை ரம்பாயில் வீட்டிலிருந்தபடியே எந்த நாட்டுக்காரனுக்கோ வேலை செய்கிறான். அது போக, உலகத்துக்கெல்லாம் பொதுவாக உள்ள கெர்னலின் ஆவணத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறான். எந்தச் சில்லில் தடுப்பு இருக்கிறது, எதில் இல்லை, எதில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் ஆனால் இல்லை என்று. இதற்குச் சம்பளம் கிடையாதாம். கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு வரிக்காக இவனோடு வாரக்கணக்கில் வாதம் செய்வார்களாம், இவனும் விட மாட்டானாம். ஊர் உலகத்துச் சுவருக்கெல்லாம் சாட்சி சொல்கிறவன். அவன் பெயரில் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. எங்கள் ஆள் ஒருவர் அங்கே பாசார்ச் சந்தையில் அவனைப் பார்த்தாராம். கையில் பிள்ளையோடு மீன்காரனிடம், இது எப்போது பிடித்தது என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். மீன்காரன் இன்று காலை என்றானாம். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டானாம்.

போன மாதம் செலண்டாரில் என் புது வரிசை முடிகிற கட்டம். இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்களான ஒரு மலாய்க்காரத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். முதல் வீட்டில் நின்று, நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகிறது என்று மலாயில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். பக்கத்தில் நின்ற என் மேஸ்திரி, இந்தோனேசியாக்காரன், நல்ல வேலைக்காரன், ஆமாம் பாஸ், எல்லா வீட்டிலும் கூரையைத் தொட்டாயிற்று என்று ஒத்து ஊதினான்.

நான் அவன் பக்கம் திரும்பி, அது எப்போது பார்த்தது என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. மலாயில்தான் கேட்டேன். மொழி வேறு, ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. மேஸ்திரி விழித்தான். இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆசிரியர் என்னைப் பார்த்தார், அவர் மனைவி சீலிங்கைப் பார்த்தாள். இனி அதை விழுங்க முடியாது.

ஏணி கொண்டு வரச் சொன்னேன். நான் ஏறுகிறேன் பாஸ் என்றான் மேஸ்திரி. விடவில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்த வயதில், ஒவ்வொரு படியிலும் அந்தக் கையேட்டுக்காரனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஏறி, பலகையைத் தள்ளி டார்ச் அடித்தேன். கூரைத் தகட்டின் சூடு முகத்தில் அடித்தது. சுவர் இருந்தது. கலவை வழிந்து காய்ந்தபடி, தகட்டை முட்டிக்கொண்டு நின்றது. என் சுவர்.

இறங்கி வந்து, இருக்கிறது என்றேன். ஆசிரியர் சந்தோஷப்பட்டார். மற்ற வீடுகளிலும் இப்படித்தானே, பாக்சிக் என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டார்.

ஐம்பது வருஷத்து வாய் என்னுடையது. ஆமாம் என்ற ஒரு சொல் அதில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு அது வரவில்லை. தலையில் ஒட்டடையோடு நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற வீடுகளை இன்னும் பார்க்கவில்லை என்றேன்.

மேஸ்திரி ஏணியின் ஒரு முனையைத் தூக்கினான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு செங்கல்கூட வைக்காத அந்த நாயைத் திட்டியபடியே அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.